ஒற்றைக்கண் குதிரை

பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை விற்பதில் அறநெறிச் சிக்கல் என்ன இருந்துவிட முடியும் என்று சென்ற ஆண்டு யாரேனும் என்னைக் கேட்டிருந்தால் சிரித்திருப்பேன். குருமடத்தில் அறநெறி இறையியலில் மூன்று ஆண்டுகள் நீதியையும் கைம்மாறையும் பற்றிப் படித்தவன் நான். ஆனால் படித்ததெல்லாம் என் வீட்டு வாசலுக்கே வந்து, 'பதில் சொல்' என்று நின்றது அண்மையில்தான். அதற்குக் காரணம், மஞ்சக்குப்பத்தில் என் இல்லத்தின் பின்புறக் கொட்டகையில் நின்றிருந்த நூறு சிசி வண்டி.

அந்த வண்டி 2003இல் பதிவானது. நான் அதைப் பிறரிடமிருந்து வாங்கியது 2007இல். அதில் ஏறி எத்தனையோ கிளைப் பங்குகளுக்குப் போயிருக்கிறேன். நள்ளிரவில் நோயில்பூசுதலுக்கு அழைப்பு வந்தபோதெல்லாம் ஒரே உதையில் உயிர்பெற்று என்னைச் சுமந்திருக்கிறது. இப்போது உதைக்க முழங்கால் இடம் கொடுக்கவில்லை. மருத்துவரும் வேண்டாம் என்றார். 'விற்றுவிடுங்கள், நின்றுகொண்டே இருந்தால் கெட்டுவிடும்' என்று நண்பர்கள் கூறினார்கள். விலையைக் கேட்க ஒரு தரகரிடம் சொல்லிவைத்தேன். அவர் வண்டியைச் சுற்றி வந்து, இருக்கைக்குப் புது உறை, தொட்டிக்கு ஒரு பூச்சு, சங்கிலிக்குக் கொஞ்சம் எண்ணெய் என்று பட்டியலிட்டார். போகும்போது குரலைத் தாழ்த்தி, 'தண்ணியில நின்ன வண்டின்னு மட்டும் வாய்திறந்து சொல்லிடாதீங்க சாமி' என்றார்.

தண்ணீர்க் கதையைப் பிறகு சொல்கிறேன்.

இத்தகைய இலேசான வண்டிகளைப் பற்றி முதலில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். என் சிறுவயதில் மோட்டார் சைக்கிள் என்றால் புல்லட், எஸ்டி, ராஜ்தூத் என்பனவே. புல்லட் நூற்றறுபது கிலோவுக்கு மேல் எடையுள்ளது. அதைத் தாங்கு நிலையில் ஏற்றி நிறுத்துவதற்கே ஒரு பயிற்சி வேண்டும். 1984இல் ஓசூரிலிருந்து இண்ட்-சுசுகியும், 1985இல் ஹீரோ ஹோண்டா சி.டி. 100, யமாஹா ஆர்.எக்ஸ். 100 ஆகியவையும் வந்த பிறகே, உடல்வலிமை குறைந்தவரும் பணவசதி குறைந்தவரும் மோட்டார் சைக்கிளைப் பற்றி எண்ணத் தலைப்பட்டார்கள். 1994இல் வந்த ஸ்பிளெண்டர் இவ்வகைக்கே ஒரு மறுபெயர் போலாகிவிட்டது. நூறு கிலோவைச் சற்றே தாண்டிய எடை, நூறு சிசிக்கும் குறைவான எஞ்சின், தெருமுனை மெக்கானிக் எவரும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டக்கூடிய எளிமை. கீழே சாய்ந்தாலும் தானே தூக்கி நிறுத்திக்கொள்ளலாம். புதிதாக ஓட்டப் பழகுபவனுக்கும், நாள்தோறும் வேலைக்குப் போய் வருபவனுக்கும் இதைவிடப் பொருத்தமான ஊர்தியைக் காட்டுவது கடினம். கடன் வாங்கிப் புது வண்டி எடுத்து, மாதத் தவணைக்காக வீட்டில் சண்டை போடும் குடும்பங்களைப் பங்கில் பார்த்துப் பார்த்துச் சலித்தவன் என்ற முறையில், பழைய வண்டி வாங்குவோரிடம் எனக்கு எப்போதும் ஒரு மரியாதை உண்டு.

அத்தகைய ஒருவன்தான் வந்தான். பத்தொன்பது வயது. பாலிடெக்னிக் முடித்து, சிதம்பரம் சாலையில் சிப்காட்டில் ஒப்பந்த வேலைக்குச் சேர்ந்திருந்தான். இரவுப்பணி முடிந்து திரும்பும் வேளையில் பேருந்து கிடைப்பது அரிது. தாய் தையல் தைத்துப் பிள்ளையைப் படிக்க வைத்தவர். திருப்பலி முடிந்து இருவரும் கொட்டகைக்கு வந்து வண்டியைப் பார்த்தார்கள். பார்த்தார்கள் என்பதைவிட, கும்பிட்டார்கள் என்பதே பொருந்தும். அந்தத் தாய் இருக்கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, 'சாமி ஓட்டுன வண்டி. இதுல என்ன குறை இருந்துடப் போவுது?' என்றார்.

நான் புன்னகைத்தேன். ஒன்றும் சொல்லவில்லை.

அன்றிரவு அந்தப் புன்னகை என்னை உறங்கவிடவில்லை. நான் பொய் சொன்னேனா? இல்லை. அவர்கள் கேட்டதற்கு மறைத்துப் பேசினேனா? அவர்கள் எதையும் கேட்கவே இல்லையே! மஞ்சக்குப்பத்தில் வழக்குரைஞர்களுக்குப் பஞ்சமில்லை. ஆட்சியர் அலுவலகமும் நீதிமன்றங்களும் சூழ்ந்த ஊர் இது. மறுநாள் மாலை நடைப்பயிற்சியில் மைதானத்து ஓரமாக வந்த வழக்குரைஞர் நண்பர் ஒருவரிடம், யாரோ ஒருவருடைய பிரச்சினை போல இதைக் கேட்டேன். அவர் நகைத்துவிட்டு, '1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 17ஆம் பிரிவைப் படியுங்கள், உங்களுக்காகவே எழுதியது போலிருக்கும்' என்றார். யாரோ ஒருவர் யார் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது போலும்.

படித்தேன். அந்தப் பிரிவு மோசடி எது என்று வரையறுக்கிறது. வெறும் மௌனம் மோசடி ஆகாது, பேச வேண்டிய கடமை இருந்தாலொழிய, அல்லது அந்த மௌனமே பேச்சுக்கு நிகரானதாக இருந்தாலொழிய, என்பது அதன் சாரம். அதை விளக்கச் சட்டமியற்றியவர்கள் ஒரு குதிரையைக் கொண்டுவருகிறார்கள். ஒருவன் நோய்ப்பட்ட குதிரையை ஏலத்தில் விற்கிறான். குறையைச் சொல்லவில்லை. அது மோசடி இல்லை. ஆனால் வாங்குபவள் அவனுடைய மகள், இப்போதுதான் பருவமெய்தியவள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த உறவே அவனைப் பேசக் கடமைப்படுத்துகிறது. இன்னொரு நிலையும் உண்டு. வாங்குபவர், 'நீங்கள் மறுக்காவிட்டால் குதிரை நலமாக இருக்கிறது என்றே எடுத்துக்கொள்வேன்' என்கிறார். விற்பவன் பேசாமல் இருக்கிறான். அங்கே மௌனம் பேச்சாகிவிடுகிறது.

நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் எழுதிய இரண்டு உதாரணங்களும் என் கொட்டகையில் ஒருசேர நிகழ்ந்திருந்தன. 'சாமி வண்டியில் என்ன குறை' என்று அந்த அம்மா சொன்னதும் நான் புன்னகைத்ததும் அந்தக் கடைசி உதாரணமே அன்றி வேறென்ன? 'தந்தை' என்று ஊரார் அழைக்க, அந்த அழைப்பைத் திருப்பலியில் ஏற்றுக்கொண்டு வண்டி விற்கும்போது மட்டும் அந்நியனாகிவிட முடியுமா? அருட்பணியாளர்களை மட்டும் நான் குறிப்பிடவில்லை. ஆசிரியர், மூத்த உறவினர், பக்கத்து வீட்டு அண்ணன் என்று, நம்பிக்கையின் பேரில் பொருள் விற்கும் எவரும் ஏலக்கடைச் சட்டத்துக்குள் ஒளிந்துகொள்ள இயலாது.

சட்டத்தை மூடிவைத்துவிட்டு, பழைய குருமடப் பாடத்தைத் தேடினேன். 13ஆம் நூற்றாண்டில் புனித தாமஸ் அக்குவினாஸ் தம் இறையியல் தொகுப்பில் வாங்கல் விற்றலில் நேரும் ஏமாற்று பற்றித் தனியாக ஒரு வினாவையே அமைத்திருக்கிறார். இரண்டாம் பாகத்தின் இரண்டாம் பகுதியில் 77ஆம் வினா அது. வியப்பு என்னவென்றால் அங்கும் குதிரைதான்! நொண்டிக் குதிரையை விரைந்தோடும் குதிரை என்றும், சரியும் வீட்டை உறுதியான வீடு என்றும் விற்பது அநீதி. மறைந்திருக்கும் குறை, வாங்குபவருக்கு இழப்போ ஆபத்தோ விளைவிக்குமானால், விற்பவர் அதை வெளிப்படுத்தியே ஆக வேண்டும். அதே நேரத்தில், பறையறைந்து சொல்ல வேண்டியதில்லை. அப்படிச் சொன்னால் வாங்க வருபவர் அனைவரும் ஓடிவிடுவர். வாங்க முன்வரும் தனி மனிதரிடம் சொன்னால் போதும், அவர் நிறையையும் குறையையும் எடைபோட்டுக்கொள்வார் என்கிறார் புனிதர். அவருக்குச் சந்தையும் தெரிந்திருக்கிறது.

ஆனால் ஒரு விலக்கும் தருகிறார். குதிரைக்கு ஒரு கண் இல்லை என்றால், அது எவருக்கும் தெரியும். கண்கூடான அத்தகைய குறையை, விலையைத் தக்கபடி குறைத்துக்கொண்டால், எடுத்துச் சொல்ல வேண்டிய கடமை இல்லை.

இந்த ஒற்றைக்கண் குதிரையில்தான் நான் சிக்கிக்கொண்டேன். முதலில் அது எனக்கு ஆறுதலாகவே இருந்தது. என் வண்டியின் குறைகளுள் பெரும்பாலானவை கண்கூடானவை. கீழ்ப்பகுதியில் துரு. முன்சக்கரத்திலும் டிரம் பிரேக்கு. முதல் கியரிலிருந்து இரண்டுக்குப் போகும்போது சில வேளை நடுவில் நின்றுவிடும் பழக்கம். எஞ்சின் வேகம் குறைந்தால் மங்கும் முகப்பு விளக்கு. எந்த மெக்கானிக்கும் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவான். ஆகவே நான் சொல்ல வேண்டியதில்லை என்று வாதிட்டுக்கொண்டேன்.

வாதம் ஒரு நாள்கூட நிற்கவில்லை. கண்கூடு என்றால் யாருடைய கண்ணுக்கு? குதிரையை ஆயுளில் பார்த்திராதவனுக்கு, குதிரைக்கு எத்தனை கண் இருக்க வேண்டும் என்பதே தெரியாதே! அந்தப் பையன் ஓட்டுநர் பள்ளியில் பழகியது அண்மைக்கால வண்டியில். 2019 ஏப்ரல் முதல் 125 சிசி வரையிலான புதிய வண்டிகள் பெரும்பாலானவற்றில் இணைப்பு பிரேக்கு முறை வந்துவிட்டது. பின்பிரேக்கை மிதித்தால் முன்பிரேக்கும் ஓரளவு சேர்ந்து பிடிக்கும். என் வண்டியில் கையும் காலும் தனித்தனியே வேலை செய்ய வேண்டும். அவன் காலை மட்டும் மிதிப்பான். சிப்காட் சாலையில் முன்னே செல்லும் லாரி திடீரென்று நின்றால், மணல் கிடக்கும் ஓரத்தில் பின்சக்கரம் வழுக்கும். சைடு ஸ்டாண்டு இறங்கியிருந்தால் எஞ்சின் தானே நின்றுவிடும் ஏற்பாடும் பழைய வண்டியில் இல்லை. ஸ்டாண்டை மடக்க மறந்து இடப்புறம் திரும்பியவர்களின் கதை நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். இவை எவையும் குறைகளே அல்ல, காலத்தின் இயல்பு என்று ஒருவர் கூறலாம். பத்தாண்டு ஓட்டியவனுக்கு அப்படித்தான். புதியவனுக்கோ ஒவ்வொன்றும் மறைந்திருக்கும் குழி. புனித தாமஸ் தந்த விலக்கு, குதிரை அறிந்தவர்கள் இருவருக்கிடையே செல்லும். அறிந்தவன் அறியாதவனுக்கு விற்கும்போது, கண்கூடு என்ற ஒன்று இல்லவே இல்லை.

சொல்லிவிடுவது என்று முடிவு செய்து, குறைகளை ஒரு தாளில் எழுதத் தொடங்கினேன். எழுதியதும் ஓர் ஐயம் வந்தது. இவ்வளவுதானா? பதினெட்டு ஆண்டுகள் ஒருவனோடு வாழ்ந்த வண்டி அவனுடைய உடம்பாகிவிடுகிறது. அதன் கோணல்களுக்கு ஏற்ப அவன் தோளும் மணிக்கட்டும் தாமாகவே வளைந்துவிடுகின்றன. ஆகவே தெருமுனை மெக்கானிக்கை அழைத்து, மைதானத்தைச் சுற்றி ஒரு முறை ஓட்டிவரச் சொன்னேன். திரும்பி வந்தவர் ஹேண்டிலைப் பிடித்து இடமும் வலமும் மெல்ல அசைத்துக் காட்டினார். நேராக வரும் இடத்தில் அது ஒரு பள்ளத்தில் விழுந்தாற்போல நின்று, பிறகு நகர்ந்தது. 'கோன் செட் போயிருக்கு சாமி. மெதுவா போறப்ப வண்டி அலைபாயுமே, உங்களுக்குத் தெரியலையா?' என்றார். எனக்குத் தெரியவே இல்லை. என் கைகள் எத்தனை ஆண்டுகளாக அதைத் திருத்திக்கொண்டிருந்தனவோ! ஒப்புரவு அருட்சாதனத்தில் சிறு குற்றங்களை நுணுக்கமாக அடுக்குபவர்கள் தங்கள் பெருங்குற்றத்தை மட்டும் விட்டுவிடுவதை அறிந்திருக்கிறேன். அவர்கள் மறைக்கிறார்கள் என்றுதான் இதுநாள்வரை நினைத்திருந்தேன்.

இனித் தண்ணீர்க் கதை. 2015 நவம்பரில் நான் குறிஞ்சிப்பாடிப் பக்கம் பணியாற்றினேன். அந்த மழையைக் கடலூர் மாவட்டத்தார் மறந்திருக்க மாட்டார்கள். மனிதர்களை மேட்டுக்கு அனுப்பும் அவசரத்தில் வண்டியை யார் நினைத்தார்கள்? இரண்டு நாள் அது இருக்கை மட்டத்துக்குத் தண்ணீருக்குள் நின்றது. வடிந்தபின் எஞ்சின் ஆயிலைத் திறந்தால் பால் கலந்த காப்பி போல வந்தது. இருமுறை ஆயில் மாற்றி, கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவி, சக்கர பேரிங்குகளை மாற்றிய பின் வண்டி ஓடத் தொடங்கிவிட்டது. அதன் பிறகும் எத்தனையோ ஆண்டு ஓடியிருக்கிறது. ஆனால் சட்டக் குழாய்களுக்குள் புகுந்த நீர் உள்ளேயிருந்து அரிப்பதை எவர் பார்க்க முடியும்? மெக்கானிக் திருப்புளியின் பிடியால் இருக்கைக்குக் கீழே தட்டினார். ஓரிடத்தில் ஓசை மாறியது. துரு ஏடு ஏடாக உதிர்ந்தது. பற்றவைத்து வலுப்படுத்தலாம், உடனே ஆபத்தில்லை, ஆனால் இருவர் ஏறி மேடு பள்ளத்தில் ஓட்டுவது நல்லதல்ல என்றார்.

கிறிஸ்துவுக்கு முன் 44ஆம் ஆண்டில் சிசெரோ எழுதிய கடமைகள் பற்றிய நூலில் ஒரு தானிய வணிகன் வருகிறான். ரோட்ஸ் தீவில் பஞ்சம். அலெக்சாந்திரியாவிலிருந்து தானியத்தோடு முதலில் வந்து சேர்கிறான் அவன். பின்னால் பல கப்பல்கள் வந்துகொண்டிருப்பது அவனுக்கு மட்டும் தெரியும். சொன்னால் விலை விழும். டயோஜெனஸ் என்ற மெய்யியலாளர், சொல்லாதிருப்பது வேறு, மறைப்பது வேறு என்கிறார். அந்திப்பாத்தர் என்பவர், மனித குலத்தின் நன்மைக்காகப் பிறந்தவன் அதை மனிதரிடமே மறைக்கலாமா என்று கேட்கிறார். சிசெரோ அந்திப்பாத்தரின் பக்கம் சாய்கிறார். நம் ஊரிலும் இப்படி ஒன்று நிகழ்ந்ததுண்டு. 1690இல் கிழக்கிந்தியக் கம்பெனியார் மராத்தியரிடமிருந்து தேவனாம்பட்டினத்துக் கோட்டையை வாங்கியபோது, பீரங்கிக் குண்டு போய் விழும் எல்லை வரையுள்ள நிலமும் சேரும் என்பது பேச்சு. திசைக்கொரு குண்டு சுட்டார்கள். கடலூர் நகரும் சுற்றுக் கிராமங்களும் கைமாறின. குண்டு கிராமங்கள் என்ற பெயரும் வழங்கலாயிற்று. விற்றவர்களுக்கு அந்தப் பீரங்கியின் வீச்சு எவ்வளவு என்று தெரிந்திருந்ததா என்பதை யாரும் எழுதிவைக்கவில்லை. வாங்குபவனும் இதில் தவறு செய்யலாம் என்று புனித தாமஸ் கூறுவதை நினைத்துக்கொண்டேன். பொன்னைப் பித்தளை என்று எண்ணி ஒருவர் விற்க, அறிந்தே அதை வாங்குபவர் திருப்பிக் கொடுக்கக் கடமைப்பட்டவர் என்பது அவர் தீர்ப்பு.

மூன்றாம் நாள் தாயையும் மகனையும் அழைத்தேன். தாளைப் பார்த்துப் படித்தேன். வெள்ளத்தில் மூழ்கியது, சட்டத்தில் துரு, கோன் செட், பிரேக்கு எல்லாவற்றையும். கோன் செட்டை என் செலவில் மாற்றித் தருகிறேன் என்றும், தரகர் சொன்ன பதினெட்டாயிரத்துக்குப் பதிலாக எட்டாயிரம் போதும் என்றும் சொன்னேன். இலவசமாகவே கொடுத்துவிடலாமே என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கும் தோன்றியது. ஆனால் அந்தத் தாய் இரவல் ஊசிகூட வாங்காதவர். அது மட்டுமல்ல, இலவசமாகக் கொடுத்த பொருளின் குறையைப் பற்றி எவரும் கேள்வி கேட்கமாட்டார்கள். அந்த எளிய வழி எனக்கு வேண்டாம் என்று பட்டது.

அவர்கள் அமைதியாகக் கேட்டார்கள். 'யோசிச்சுச் சொல்றோம் சாமி' என்று எழுந்தார்கள். அந்த அம்மாவின் முகத்தில் கண்டது ஏமாற்றமா, என் மீது இரக்கமா என்று இன்றும் என்னால் சொல்ல முடியவில்லை.

அவன் வரவில்லை. பத்து நாள் கழித்து வேறோர் இடத்தில் இருபத்திரண்டாயிரத்துக்கு ஒரு வண்டி எடுத்துவிட்டான் என்று கேள்விப்பட்டேன். பளபளவென்று இருந்ததாம். விற்றவர் குறை ஒன்றும் சொல்லவில்லையாம். இதை அறிந்த தரகர், 'நான் அப்பவே சொன்னேனே' என்றார். அவர் சொன்னதில் பணம் மட்டும் இல்லை. நான் உண்மையைச் சொன்னதால் அந்தப் பிள்ளை உண்மை சொல்லாத ஒருவனிடம் போய்ச் சேர்ந்தான். என் வண்டியின் குறைகளாவது ஒரு தாளில் இருந்தன. இப்போது அவன் ஏறியிருக்கும் வண்டியின் குறைகள் எந்தத் தாளிலும் இல்லை. என் மனச்சான்றைக் கழுவிக்கொள்ள அவன் பாதுகாப்பை விலையாகக் கொடுத்தேனோ என்று பல இரவுகள் எண்ணினேன். குறைகளை ஒரே மூச்சில் கொட்டிவிட்டு, எது இன்றே உயிருக்கு ஆபத்து, எது பழகினால் தீரும் என்று பிரித்துச் சொல்லாமல் விட்டது என் பிழை. பழகாதவனுக்குப் பன்னிரண்டு குறைகளும் ஒரே அளவாகத்தான் கேட்டிருக்கும். சொல்வது வேறு, புரியும்படி சொல்வது வேறு. இரண்டாவதை நான் செய்யவில்லை.

அடுத்த ஞாயிறு அவன் வண்டியை மந்திரிக்கக் கொண்டுவந்தான். தீர்த்தத்தோடு வெளியே வந்தேன். கண்ணாடியில் மாலை, முகப்பில் சிலுவை ஒட்டுத்தாள். செபம் சொல்வதற்கு முன் ஹேண்டிலைப் பிடித்து அசைத்துப் பார்த்தேன். நன்றாக இருந்தது. மனம் சற்று இலேசானது. பிறகு குனிந்தேன். குனிவது எனக்கு இப்போது எளிதல்ல. பின்டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் பதிந்திருந்தன: 3112. கறுப்பு மெருகு பூசியிருந்ததால் வெடிப்புகள் தெரியவில்லை. விரலால் தடவினால் தட்டுப்பட்டன.

'தம்பி, இது என்ன எண் தெரியுமா?'

'கம்பெனி நம்பரா இருக்கும் சாமி.'

'முதல் இரண்டும் வாரம், பின் இரண்டும் வருடம். 2012ஆம் வருடம் முப்பத்தோராவது வாரத்தில் செய்த டயர் இது. ரப்பர் இறுகிவிட்டது. மழையில் பிரேக்குப் பிடித்தால் வழுக்கும்.'

அவன் மண்டியிட்டு அந்த எண்ணைத் தொட்டுப் பார்த்தான். தாய் அருகில் வந்து, 'எழுதித்தானே இருக்கு, நமக்குத்தான் தெரியல' என்றார். அந்த டயரை மாற்றும்வரை இரவுப்பணிக்கு அதில் போக வேண்டாம் என்றேன். தீர்த்தத்தை ஓர் ஓரமாக வைத்துவிட்டு முன்டயரின் எண்ணையும் தேடினோம். அது சக்கரத்தின் மறுபக்கத்தில் இருந்தது. அவன் வண்டியைத் தள்ளித் திருப்பினான்.